ஆயுத பூஜைக்குத் துடைத்த வடிகட்டி

போன வருடம், மல்லசமுத்திரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஊரில் நடந்தது இது. ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏன் என்று படித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும். எதையும் வரிசை போட்டுப் பார்த்தால்தான் எனக்குப் பிடிபடும். அதனால் முதலில் நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. ஒரு வீட்டுக் கிணற்றில் டீசல் கலந்தது.
2. அந்த வீட்டு அக்கா ஊற்றும் பாலில் வாடை அடிக்கிறது என்று பால் சொசைட்டியில் திருப்பி அனுப்பினார்கள்.
3. அவர் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு, பஸ் ஏறி, நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு வந்தார்.
4. நான் ஒரு வடிகட்டி செய்து கொடுத்தேன்.
5. அது வேலை செய்தது.
6. ஆயுத பூஜை வந்தது.
7. மாடுகளை விற்றுவிட்டார்கள்.

ஆறாவது வரி இந்த வரிசையில் சேராத மாதிரி இருக்கிறது அல்லவா? அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எங்கள் வீடு சூரமங்கலத்தில். வேதிப் பொறியியல் படித்துவிட்டு, சேலத்துக்கு வெளியே ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி உதவியாளராக இருக்கிறேன். எண்ணெய் கலந்த தண்ணீரைச் சுத்தப்படுத்தும் சவ்வுகளைச் செய்து பார்ப்பது என் வேலை. சவ்வு என்றதும் பெரிதாக ஏதோ என்று நினைக்க வேண்டாம். காபி வடிகட்டியைப் போன்றதுதான். துளைகள் மட்டும் மிக மிகச் சிறியவை. அதன் மேல் டைட்டானியம் ஆக்சைடு என்ற வெள்ளைப் பொருளை, கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்களாகப் பூசுவோம். பூசிய பரப்பு தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்தத் தண்ணீர் ஒரு மெல்லிய போர்வை போல மேலே நிற்கும். பின்னால் வரும் எண்ணெயை அது உள்ளே விடாது. தண்ணீர் மட்டும் இறங்கும்.

இதில் ஒரே ஒரு நிபந்தனை. சவ்வில் முதலில் தண்ணீர் பட வேண்டும். பட்ட ஈரம் காயவே கூடாது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரிதான். தண்ணீர் முதலில் துண்டு போட்டுவிட்டால் எண்ணெய்க்கு இடமில்லை. காய்ந்து கிடக்கும்போது எண்ணெய் முந்திக்கொண்டால் துளைகள் எல்லாம் எண்ணெய்க்குச் சொந்தம். அதற்கப்புறம் எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் அது எழுந்திருக்காது.

இந்த நிபந்தனையை நான் அந்த அக்காவிடம் சொல்லியிருந்தேன். அவரும் நினைவில் வைத்திருந்தார். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் அவர்மேல் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது.

எங்கள் ஆய்வகத்தில் வெளியாட்கள் கொண்டுவரும் தண்ணீரையும் சோதித்துத் தருவோம். அன்றைக்கு அந்த அக்கா மஞ்சள் பையோடு வந்து நின்றபோது, முன் மேசையில் நான்தான் இருந்தேன். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் வியர்வையோடு கரைந்த குங்குமம். வழக்கமாகச் சொல்வதையே அவருக்கும் சொன்னேன்: பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போங்கள், ஒரு வாரத்தில் ரிசல்ட் வரும்.

அவர் மூடியைத் திறந்து பாட்டிலை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"மோந்து பாருங்க அம்மிணி. இதுக்கு ஒரு வாரம் வேணுங்களா?"

"டீசல்" என்றேன்.

"பாத்தீங்களா, ஒரு நிமிசத்துல ரிசல்ட் வந்துருச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

அவர்கள் விவசாய நிலத்தை ஒட்டி ஒரு ரிக் பட்டறை இருக்கிறது. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வெளி மாநிலங்களில் வேலை முடித்து வந்ததும் அங்கேதான் சர்வீஸுக்கு நிற்கும். கழற்றிய சாமான்களை டீசலில் அலசுவார்கள். பழைய எஞ்சின் ஆயிலும் அலசின டீசலும் ஓர் ஓரமாகத் தரைக்குள் போய்க்கொண்டே இருந்தன. பல வருடங்களாக. கடைசியில் அது இவர்கள் கிணற்றில் எட்டிப் பார்த்தது. பஞ்சாயத்துக் குழாயில் ஆற்றுத் தண்ணீர் எப்போதோ வரும்; மனிதர்களுக்கே பற்றாது. மாடுகளுக்குக் கிணறுதான்.

"செவல மாடு மூஞ்சியத் திருப்பிக்குதுங்க. ரெண்டு நாளு தாகத்துல கெடந்து, அப்பறம் வேற வழியில்லாம குடிச்சுது. அடுத்த நாளே சொசைட்டியில கேனத் தொறந்து மோந்து பாத்துட்டு, 'என்னக்கா, மாடு பங்க்குக்குப் போயிட்டு வருதா'ன்னு சிரிக்கறாங்க." அதைச் சொல்லும்போதும் அவர் குரல் மாறவில்லை. "என்ற ஊட்டுக்காரர் ரிக்குல ட்ரில்லருங்க. ஒடிசாப் பக்கம் இருக்கறாரு. அவுரு சம்பாதிக்கறது கடனுக்குப் போவுது. ஊட்டுச் செலவுக்கு மாடுதானுங்க. செவலயும் அது போட்ட ரெண்டு பெட்டையும்."

புகார் கொடுத்தீர்களா என்று கேட்டேன். கொடுத்திருந்தார். ஆள் வந்து பார்த்துவிட்டுப் போவதற்குள் பட்டறையில் புது கிராவல் மண் கொட்டி நிரவிவிட்டார்கள். ஊரில் வேறு யாரும் கையெழுத்துப் போடவில்லை. "யாரு போடுவாங்க சாமி? ஊட்டுக்கு ஒரு ஆளு ரிக்குல இருக்குது. என்ற ஊட்லயே இருக்குதே."

அந்தப் பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே வானவில் நிறத்தில் ஒரு படலம். அதற்குக் கீழே, அரிசி கழுவின தண்ணீர் மாதிரி மங்கல். மேலே மிதப்பதை யாரும் எடுத்துவிடலாம். அந்த மங்கல்தான் கஷ்டம். பொடிப்பொடித் துளிகளாகக் கலந்துபோன எண்ணெய் அது. அதற்குத்தான் நான் வருடக்கணக்காகச் சவ்வு பூசிக்கொண்டிருந்தேன். சோதனைக்கு எண்ணெயையும் தண்ணீரையும் நாங்களே மிக்ஸியில் அடித்துக் கலப்போம். முதல் முறையாக ஒருவர் நிஜமான தண்ணீரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்திருந்தார்.

என் வழிகாட்டிப் பேராசிரியர் அனுமதித்தார். ஆய்வகத்துக்கு வெளியே ஓட்டிப் பார்த்த விவரங்கள் கிடைத்தால் எங்களுக்கும் நல்லதுதான். செய்து முடிக்கச் சில வாரங்கள் ஆயின. இரண்டு நீல டிரம்கள், ஒரு சின்ன மோட்டார், நடுவில் வட்ட வட்டமான சவ்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இறுக்கிய ஓர் அடுக்கு, கடைசியில் வாடையை எடுக்க ஒரு கரி டிரம். காலை முழுக்க ஓடினால் மாடுகளுக்கு மட்டும் போதுமான தண்ணீர் வரும்.

மாடு கட்டும் கட்டுத்தறிக்குப் பக்கத்தில் அதைப் பொருத்தினோம். சவ்வுகளை நான் தண்ணீரிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக அடுக்கியபோது, அக்கா எட்டிப் பார்த்தார்.

"அட, அப்பளமாட்டம் இருக்குது! இதுக்கா இத்தன படிப்பு?"

அன்றிலிருந்து அது அப்பளம்தான். நானும் ஆய்வகத்தில் அப்படியே சொல்லப் பழகிவிட்டேன்.

முதல் வாளித் தண்ணீரைச் சோதித்துப் பார்த்து, சரி என்றான பிறகுதான் மாட்டுக்கு வைத்தோம். செவலை முகர்ந்தது. மூக்கால் ஒரு முறை தண்ணீரைத் தள்ளிவிட்டுத் தலையைத் தூக்கிக்கொண்டது. பல்கலைக்கழக வாய்மொழித் தேர்வில்கூட நான் அப்படிப் பயந்து நின்றதில்லை. பிறகு அது தலையைக் குனிந்து குடிக்க ஆரம்பித்தது. உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. வாளி காலியானது.

"பாஸ் பண்ணிட்டீங்க அம்மிணி" என்றார் அக்கா. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனவர், வெளியே வரக் கொஞ்ச நேரம் ஆனது.

அடுத்த சில மாதங்கள் என் வாழ்க்கையில் நன்றாக இருந்தவை. சொசைட்டியில் மறுபடி பால் எடுத்துக்கொண்டார்கள். வாரம் ஒரு முறை அக்கா போன் செய்வார். "அப்பளம் சௌக்கியமுங்க" என்றுதான் ஆரம்பிப்பார். கரன்ட் போனாலும் அடுக்கு காயாமல் இருக்க, மேல் வழியாகச் செம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார். கை படக்கூடாது, தேய்க்கக்கூடாது, நல்ல தண்ணீரைத் தவிர எதையும் ஊற்றக்கூடாது என்று நான் சொன்னதை ஒரு நாள்கூட மீறவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் கிணற்றிலும் வாடை தட்டுகிறதாம்; அவரும் வந்து வடிகட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, எனக்கும் ஒன்று செய்து தரச் சொல் என்று அக்காவிடம் கேட்டிருந்தார்.

ஒரே ஒரு விஷயம் எனக்குத் தெரிந்தே இருந்தது. நான் சுத்தம் செய்வது கிணற்றை அல்ல, கிணற்றிலிருந்து வெளியே வரும் தண்ணீரை மட்டும்தான். பட்டறையில் டீசல் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். நான் வடிகட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனாலும் அந்த மாதங்களில் அது பெரிதாகத் தோன்றவில்லை. வடிகட்டிக்கொண்டே இருந்தால் போகிறது என்று நினைத்தேன்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முன்னால் அக்கா வீட்டுக்காரரின் வண்டி சர்வீஸுக்காக ஊருக்கே வந்தது. வெகு நாளைக்குப் பிறகு அவர் பண்டிகைக்கு வீட்டில் இருந்தார். அக்கா போனில் அதைச் சொன்னபோது குரலே வேறு மாதிரி இருந்தது. "கறி எடுத்துக் கொடுத்துட்டு எங்கயும் போவாம ஊட்லயே இருக்கறாருங்க. கட்டுத்தறிக்குக் கூரையெல்லாம் மாத்திட்டாரு. உங்க மிசினப் பாத்துட்டு ரொம்ப நேரம் நின்னாரு."

நானும் சந்தோஷப்பட்டேன். பூஜை விடுமுறைக்கு ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு வீட்டில் இருந்தேன்.

பூஜை முடிந்து ஒரு வாரம் கழித்து மறுபடி போன் வந்தது. 'அப்பளம் சௌக்கியம்' வரவில்லை.

"சொசைட்டியில பால் எடுக்கலீங்க. ஒருக்கா வந்துட்டுப் போறீங்களா?"

மறுநாள் காலையில் போய்விட்டேன். வீட்டுக்காரர் பட்டறையில் இருந்தார். கரி டிரம்முக்குப் பின்னால் வந்த தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்தேன். பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது. முகர்ந்தேன். மெலிதாக வாடை. கரிக்கு முன்னால் இருந்த குழாயைத் திறந்தேன். அரிசி கழுவின தண்ணீர் அப்படியே வந்தது.

அடுக்கைக் கழற்றினேன். ஒவ்வொரு சவ்வின் நடுவிலும் சந்தனம் வைத்த தடம் இருந்தது. அதன் மேல் சிவப்பாக, கரைந்தும் கரையாமலும் குங்குமம். சவ்வைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தேன். நான் பூசிய வெள்ளை இருக்க வேண்டிய இடம் பளபளவென்று இருந்தது. பரப்பில் ஒரு துளி தண்ணீர் விட்டேன். அது பரவவில்லை. தாமரை இலைமேல் விழுந்தது போல உருண்டு ஓடியது. சவ்வு டீசலின் பக்கம் போய்விட்டது.

நடந்ததை அக்காவே சொன்னார். சொல்லும்போது பட்டறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆயுத பூஜை அன்று காலையில் அவர் பூ வாங்கக் கடைவீதிக்குப் போயிருக்கிறார். அந்த நேரத்தில் வீட்டுக்காரர் வீட்டில் இருக்கிற எல்லா மிஷின்களையும் துடைக்க ஆரம்பித்திருக்கிறார். மோட்டார், மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டும் மிஷின், மொபெட், மண்வெட்டி, கடப்பாரை. அப்புறம் என் வடிகட்டி. மனைவியையும் மாடுகளையும் இத்தனை மாதம் காப்பாற்றிய மிஷின் அல்லவா? மற்றவற்றை விட அதற்குக் கூடுதல் கவனம். ரிக் வேலையில் இருக்கிற ஒருவருக்கு ஃபில்டரைச் சுத்தம் செய்ய ஒரே ஒரு முறைதான் தெரியும். அதைச் செய்யாவிட்டால் எஞ்சின் போய்விடும் என்று கற்றுக்கொண்டவர். சவ்வுகளை எல்லாம் கழற்றி, வெயிலில் காயவைத்து, பட்டறைக்கு எடுத்துப்போய், நல்ல புது டீசலில் அலசி, கம்ப்ரசர் காற்றில் ஊதி, துணியால் துடைத்துப் பளபளக்க வைத்திருக்கிறார். பிறகு ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்து, வாழையிலையில் வரிசையாக அடுக்கியிருக்கிறார்.

"பூவோட வந்து பாத்தனுங்க. கை படக்கூடாதுன்னு நீங்க சொன்னதெல்லாம் ஒவ்வொண்ணா நெனப்புக்கு வருது. ஆனா அவுரு மூஞ்சியப் பாத்தனுங்க. 'பாரு, உன்ற அப்பளத்தப் புதுசாட்டம் ஆக்கிட்டேன்'னு நிக்கறாரு. நான் என்னன்னு சொல்லுவேன்?"

பூஜை முடிந்ததும் அக்கா தானே எடுத்துப் பழையபடி பொருத்தி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. கரி சில நாட்கள் வாடையைப் பிடித்து வைத்திருந்தது. மாடுகளும் குடித்துவிட்டன. கடைசியில் பால்தான் காட்டிக்கொடுத்தது.

"பரவாயில்லக்கா, வேற அடுக்கு செஞ்சு தர்றேன்" என்றேன். "அண்ணன்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடலாம். அடுத்த தடவை..."

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அவுருகிட்டச் சொல்லாதீங்க சாமி."

நான் புரியாமல் பார்த்தேன்.

"கல்யாணமான புதுசுல அவுரு இந்தப் பட்டறையிலதானுங்க சாமான் கழுவுனாரு. கெணத்துல டீசல் வந்தது தெரிஞ்ச அன்னிக்கு, போன்ல ஒரு பேச்சுப் பேசல. அப்பறம் சொல்றாரு, 'நான் ஊத்துனதுதான் புள்ள, நம்ம ஊட்டுக்கே வந்துருச்சு'ன்னு. எத்தனையோ நாளு சரியாச் சாப்பிடலைன்னு கூட வேல செய்யறவங்க சொன்னாங்க. இப்ப இதையும் அவுருதான் கெடுத்தாருன்னு தெரிஞ்சா? நாளைக்கு எங்கயோ ஒரு காட்டுல, ஓடற ரிக்கு மேல நிக்கோணுமுங்க. மனசுல இத வெச்சுக்கிட்டு நிக்கக்கூடாதுங்க."

நான் சரி என்றேன். அப்போது அது சின்ன விஷயமாகத் தோன்றியது. வடிகட்டி கெட்டுப்போனது, நான் வேறு தருகிறேன், அவ்வளவுதானே.

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்காரர் வந்தார். அன்றுதான் முதலில் பார்த்தேன். உயரமான ஆள், கையெல்லாம் கிரீஸ். என்னைப் பார்த்ததும் கையைக் கழுவிவிட்டு வந்து கும்பிட்டார்.

"நீங்கதானுங்களா அந்த இஞ்சினியர் அம்மிணி? எங்க வண்டிக்குப் பொட்டு வெக்கறதுக்கு முன்னாடி உங்க மிசினுக்குத்தான் வெச்சனுங்க. நல்லா தொடச்சும் வெச்சிருக்கறேன். பாத்தீங்களா?"

"பாத்தேங்கண்ணா" என்றேன்.

"அப்பறமும் வாடை வருதாமே. போச்சுங்களா?"

"ஆமாங்கண்ணா. அதோட ஆயுசு அவ்வளவுதான்."

பொய் தடுமாறாமல் வந்தது. அவர் தலையாட்டினார். என்னைத் தேற்றுகிற மாதிரிப் பேசினார்.

"விடுங்க அம்மிணி. எங்க வண்டியில தொளை போடற பிட்டு தேஞ்சா தூக்கிப் போட்டுட்டு வேற மாட்டறோம். அதுக்கென்ன பண்றது? இத்தன நாளு ஓடுச்சே, அதே பெருசு."

"வேற ஒண்ணு செஞ்சு கொண்டுவர்றேங்கண்ணா. கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க."

அவர் இலை முன்னால் உட்கார்ந்தார். அக்கா சோறு போட்டார். ரசக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டே அவர் கேட்டார்.

"அது எத்தன நாளைக்குங்க வரும்?"

நியாயமான கேள்வி. யாராக இருந்தாலும் கேட்பார்கள். அதற்கான உண்மையான பதில் எனக்குத் தெரியும்: சரியாகப் பார்த்துக்கொண்டால் வருடக்கணக்கில் வரும். ஆனால் அப்படிச் சொன்னால், அப்புறம் ஏன் இது இவ்வளவு சீக்கிரம் போனது என்று அடுத்த கேள்வி வரும். அதற்கும் ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் குனிந்து இலையில் பொரியல் வைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. நான் சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில், வைத்த பொரியல் மேலேயே மறுபடி வைத்துக்கொண்டிருந்தார்.

"சொல்ல முடியாதுங்கண்ணா" என்றேன்.

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அப்ப வேண்டாமுங்க அம்மிணி. உங்களக் கொறை சொல்லல. படிச்ச புள்ள, முடிஞ்சதச் செஞ்சீங்க. ஆனா மாடு வாயில்லாத சீவனுங்க. அத வெச்சுப் பரிச்ச பாக்க வேண்டாம். நல்லா இருக்கும்னு நம்பிக் குடிச்சுருச்சே, பாத்தீங்களா?" பிறகு மனைவியிடம், "நான் வண்டி ஏறதுக்குள்ள வித்துட்டுப் போயறேன். நீ தனியா கெடந்து அல்லாட வேண்டாம்" என்றார்.

அக்கா "சரிங்க" என்றார்.

ஒரு வாக்கியம். 'நீங்கள் டீசலில் அலசியதால்தான் போனது, அலசாமல் இருந்தால் நிலைக்கும்.' அவ்வளவுதான். சொல்லியிருந்தால் மாடுகள் அந்தக் கட்டுத்தறியிலேயே இருந்திருக்கும். பொறியியல் படித்தவளுக்கு, ஒன்று ஏன் கெட்டது என்று தெரிந்துகொண்டு அதைச் சொல்லாமல் இருப்பது கிட்டத்தட்ட உடம்பு வலி மாதிரி. மோர் ஊற்றுகிறேன், சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று வீட்டுக்காரர் வற்புறுத்தினார். சாப்பிட்டேன். நல்ல மனிதர். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. கத்துகிற ஆளாக, குடிக்கிற ஆளாக இருந்திருந்தால் அந்த ஒரு வாக்கியத்தை நான் தயங்காமல் சொல்லியிருப்பேன்.

பஸ் ஸ்டாப்வரை அக்கா கூட வந்தார். கழற்றிய சவ்வுகளை ஒரு கட்டைப்பையில் போட்டு நான் எடுத்துக்கொண்டிருந்தேன். வழியில் பட்டறையைக் கடந்தோம். ஓர் ஓரத்தில் இரண்டு பேர் தகர டப்பாவில் எதையோ அலசிக்கொண்டிருந்தார்கள். அலசி முடித்ததும் டப்பாவைத் தரையில் கவிழ்த்தார்கள். மண் கறுப்பாக நனைந்து, உறிஞ்சி, பழையபடி ஆனது. நாங்கள் இருவருமே அதைப் பார்த்தோம்.

"கோவமுங்களா அம்மிணி?"

"இல்லக்கா."

"எனக்குக் கோவமுங்க" என்றார். யார்மேல் என்று சொல்லவில்லை. பஸ் தூரத்தில் தெரிந்தபோது கேட்டார்:

"நல்ல தண்ணி குடிச்சா பாலு வாடை போயிருமுங்களா?"

"போயிடும்க்கா. கொஞ்ச நாள்ல சுத்தமாப் போயிடும்."

"அப்பச் சரி. போற எடத்துலயாச்சும் நல்ல தண்ணி குடிக்கட்டும்."

பஸ்ஸில் உட்கார்ந்ததும் வழக்கம்போல் மனதில் வரிசை போட்டுப் பார்த்தேன். யார் என்ன தவறு செய்தார்கள் என்று. அக்கா: வடிகட்டியைச் சொன்னபடி பார்த்துக்கொண்டார், கணவரைக் காப்பாற்றினார். அவர் கணவர்: தனக்குத் தெரிந்த வேலையை ஆசையோடு செய்தார். நான்: கேட்டுக்கொண்டபடி வாயை மூடிக்கொண்டேன். வரிசை அதோடு நின்றுவிட்டது. ஒருவருக்கும் நேராகத் தவறு என்று எழுத முடியவில்லை. மாடுகள் மட்டும் போகின்றன. பெரிய தவறு செய்கிறவர் என்று யாரையாவது எழுதலாம் என்றால் அது அந்தப் பட்டறை. அதுவோ ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போடுகிறது.

ஆய்வகத்தில் என் பேராசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். "இயக்குகிறவருக்குப் பயிற்சி கொடுக்கவில்லையா?" என்று கேட்டார். கொடுத்தேன் என்றேன். "பிறகு எப்படி?" என்றார். ஆயுத பூஜை என்றேன். அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அறிக்கையில் 'பராமரிப்பின்போது சேதம்' என்று எழுதினோம்.

நான் சும்மா இருக்கவில்லை. புது அடுக்கு ஒன்று செய்தேன். இந்த முறை கையால் கழற்ற முடியாதபடி முழுவதும் மூடி ஒட்டிவிட்டேன். அக்காவுக்குப் போன் செய்தேன். கட்டுத்தறியில் இப்போது விறகு அடுக்கியிருப்பதாகச் சொன்னார். தான் ஒரு நூல் மில்லுக்கு வேன் ஏறிப் போய் வருவதாகச் சொன்னார். அங்கே காலெல்லாம் வலிக்கிறது, ஆனால் வேலை செய்யும் பெண்கள் நல்ல பேச்சுக்காரிகள் என்றார். வடிகட்டியைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

பக்கத்துத் தோட்டத்துக்காரருக்காவது கொடுக்கலாம் என்று அவரிடம் பேசினேன். அவர் கிணறு முன்பைவிட மோசமாகியிருந்தது. மரியாதையாகத்தான் பதில் சொன்னார்.

"வேண்டாமுங்க. அது தாங்காதுன்னு அந்த ஊட்டுக்காரரே சொல்லிட்டாருங்களே. நீங்களும் அப்பிடித்தான் சொன்னீங்களாமா."

ஆமாம், நான்தான் சொன்னேன். ஒரு மனிதர் நிம்மதியாக வண்டி ஏற வேண்டும் என்று சொன்ன பொய், இப்போது கிணறு கிணறாகப் போய்க்கொண்டிருக்கிறது. அதை வடிகட்ட என்னிடம் எதுவும் இல்லை. ஒரு பொருள் வேலை செய்வதற்கும், அது ஒருவருக்கு உதவுவதற்கும் நடுவில் எத்தனை மனிதர்கள் நிற்கிறார்கள் என்பது எனக்கு அதற்கு முன் தெரியாது. தெரிந்துகொண்டதால் எதுவும் எளிதாகிவிடவும் இல்லை.

இப்போதைய நிலவரம் இது. அக்காவின் வீட்டுக்காரர் ஒடிசாவில் இருக்கிறார், நன்றாக இருக்கிறார். அக்கா மில்லுக்குப் போகிறார். செவலையை யார் வாங்கினார்கள் என்று தெரியவில்லை. பட்டறை நடக்கிறது. கிணற்றில் டீசல் இருக்கிறது. புது அடுக்கு என் மேசைக்குக் கீழே ஒரு தொட்டியில் தண்ணீருக்குள் கிடக்கிறது. யாரும் கேட்கவில்லை. காய்ந்துவிடாமல் தண்ணீர் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.